முதுமைத் தடுப்புத் தொகுப்புக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. புகைப்பழக்கம் உண்டு. நீண்ட ஆயுளைவிட, இருக்கும் நாளில் மனநிறைவோடு இருக்கவே விரும்புகிறேன். தினமும் பத்தாயிரம் அடி நடக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வாட்டுகிறது. பழைய நண்பர் ஒருவர், பரிசோதனைகளும் மாத்திரைகளும் அடங்கிய ‘முதுமைத் தடுப்பு’த் தொகுப்புக்கு ஓராண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார். கட்டலாமா? இந்த வயதில் பழக்கங்களை மாற்றினால் பயன் உண்டா?

பதில்: சந்தா கட்ட வேண்டாம். பழக்கங்களை மாற்றினால் நிச்சயம் பயன் உண்டு.

பத்தாயிரம் அடி என்பது மருத்துவ ஆய்வில் பிறந்த கணக்கே அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரில் இருந்த எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும்.

உங்களுக்கு நடையைவிட அவசரமானது புகையை விடுவது. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 60 வயதில் புகையை விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும் ஆயுள் கூடியது தெரியவந்தது. நீங்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். எந்தத் தொகுப்பிலும் இதற்கு ஈடான மாத்திரை கிடையாது.

அந்தத் தொகுப்பு வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கையில் ‘இயல்பு அளவு’ என்று அச்சிடப்படுவது பெரும்பாலும் நலமுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேரின் அளவுதான். ஆகவே எந்த நோயும் இல்லாதவருக்கு 40 பரிசோதனைகள் செய்தாலும் சராசரியாக இரண்டு முடிவுகள் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். அந்தச் சிவப்பைக் காட்டித்தான் மாத்திரை விற்கப்படுகிறது. விற்பவர் உறவினராகவோ நண்பராகவோ இருப்பதால் நாமும் கேள்வி கேட்கக் கூசுகிறோம். வைட்டமின் டி-யையும் மீன் எண்ணெயையும் அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்குமேல் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். புற்றுநோயையோ பெரிய இதயநோய்களையோ குறிப்பிடத்தக்க அளவில் அவை குறைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விலங்குணவை அறவே தவிர்ப்பவர்களுக்கும், நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைபாடு உண்மையாகவே வரக்கூடும். கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி ஆகியவற்றை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். இவர்கள் மருத்துவரிடம் கேட்டு, அந்த ஒரு பரிசோதனையைச் செய்துகொண்டு, குறைவு இருந்தால் அந்த ஒரு மருந்தை உட்கொள்ள வேண்டும்; பல மாத்திரைகள் கொண்ட பெட்டியை அல்ல.

மனநிறைவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதில் அதிக நலத்தோடு இருந்தார்கள். தொடக்கத்தில் ஆண்களை மட்டுமே சேர்த்த ஆய்வு அது என்றாலும், என் மருத்துவ அனுபவமும் அதற்கு ஒத்தே இருக்கிறது. ஆனால் நோயாளியை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் எங்கள் மருத்துவமுறையில், நோயாளியின் படிவத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கிறது. ‘மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்குக் கட்டமே இல்லை. நாங்கள் கேட்காமல் விட்ட அந்த இடத்தில்தான் தொகுப்பை விற்கும் தரகர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொறுமையாகக் காது கொடுக்கிறார்.

எனவே இந்த மாதம் இரண்டு வேலைகள் போதும். புகையை விடும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கான, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ மாத்திரையோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நண்பரிடம் சந்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை நடக்க வருகிறாரா என்று கேளுங்கள். அவர் வருவது நட்புக்கா தரகுக்கா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.