எஞ்சின் மிஸ்ஸிங்: பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

கேள்வி: அண்ணா, என்கிட்ட 2014 மாடல் ஸ்விப்ட் பெட்ரோல் இருக்கு, 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. கொஞ்ச நாளா ஐடிலிங்ல நின்னா வண்டி ஆடுது, மேடு ஏறும்போது ஜெர்க் அடிக்குது, அப்பப்ப செக் எஞ்சின் லைட் மின்னுது. மெக்கானிக் முதல்ல பிளக் மாத்துனாரு, அப்புறம் த்ராட்டில் பாடி கிளீன் பண்ணாரு, அப்புறம் ஆக்சிஜன் சென்சார் மாத்துனாரு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் லைட் அணைஞ்சிருக்கும், திரும்ப வந்துடும். இப்ப பிளக்குக்கு கரண்ட் குடுக்குற நாலு காயிலும் மாத்தணும், அதுலயும் சரியாகலன்னா பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர், அதுவும் இல்லன்னா எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்னு சொல்றாரு. மாத்திடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. நீங்க சொன்னதுல எந்த சிலிண்டர் மிஸ் ஆகுது, அதாவது உள்ள பெட்ரோல் சரியா எரியாம விட்டுப்போகுதுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, அது தெரியாம நாலு காயில் வாங்குறது காச கொண்டுபோய் கொட்டுறது தான்.

முதல்ல அவசரமான விஷயம். செக் எஞ்சின் லைட் நிலையா எரியறதும் மின்னுறதும் ஒண்ணு இல்ல. நிலையா எரிஞ்சா ஏதோ கோளாறு பதிவாகிருக்கு, சீக்கிரம் பாத்துக்கலாம்னு அர்த்தம். மின்னுச்சுன்னா அந்த நேரத்துல மிஸ்ஸிங் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்ல போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்குள்ள எரியும், அது ஓவரா சூடாகி உள்ள இருக்கற செராமிக்கே உருகி அடைச்சுக்கும். காயில் விலை எங்க, கன்வெர்ட்டர் விலை எங்க. அதனால மின்னுச்சுன்னா உடனே ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுங்க, மெதுவா ஓரமா நிறுத்துங்க, இது சரியாகுற வரைக்கும் லாங் டிரிப் எதுவும் வேணாம்.

அடுத்து அந்த "ரெண்டு நாள் அணைஞ்சிருக்கும்" சமாச்சாரம், உங்கள ஏமாத்துறதே இது தான். பேட்டரி டெர்மினல கழட்டினாலோ ஸ்கேனர்ல கோளாறு கோட அழிச்சாலோ லைட் போயிடும், இசிஎம் அதுவரைக்கும் கத்துவெச்சிருந்த பெட்ரோல் கணக்கும் சேந்து அழிஞ்சுடும். அதுக்கப்புறம் அதே கோளாறு திரும்ப ஓட்டத்துல, பெரும்பாலும் ரெண்டு தடவை, தெரிஞ்சா தான் லைட் மறுபடி நிலையா எரியும். அந்த இடைவெளிய பாத்துட்டு பார்ட் மாத்துனதால சரியாச்சுன்னு நாமளும் நம்பிடுறோம், மெக்கானிக்கும் நம்பிடுறாரு.

இந்தியாவுல 2013 ஏப்ரல்ல இருந்தே பிஎஸ்4 கார்ல ஓபிடி2, அதாவது கோளாற வண்டியே கண்டுபிடிச்சு கோடா பதிவு பண்ற சிஸ்டம், கட்டாயம், அதனால உங்க வண்டியே எந்த சிலிண்டர்னு சொல்லும். ஸ்டீரிங்குக்கு கீழ போர்ட் இருக்கும், ஈஎல்எம்327னு ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் கம்மி விலைக்கே கிடைக்குது, போன்ல ஆப் போட்டா போதும். கோட அழிக்காம முதல்ல எழுதி வைங்க. பி0301ல இருந்து பி0304 வரைக்கும் எது வந்தாலும் கடைசி நம்பர் தான் மிஸ் ஆகுற சிலிண்டர். பி0300 வந்தா ஒரு சிலிண்டர்னு இல்ல, மாறி மாறி மிஸ் ஆகுது. கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், கோட் விழுந்த நேரத்துல ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு அதுல இருக்கும், அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

ஒரு பேச்சுக்கு பி0302னு வெச்சுக்குவோம். காசே செலவில்லாத டெஸ்ட் இது, எஞ்சின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம் பண்ணுங்க. உங்க வண்டில ஒவ்வொரு பிளக்குக்கும் மேல தனித்தனி காயில் இருக்கு, பொதுவா பெல்ட் பக்கம் இருக்கறது ஒண்ணாவது சிலிண்டர். ரெண்டுல இருக்கற காயில கழட்டி மூணுல போடுங்க, மூணோடத ரெண்டுல போடுங்க. ரெண்டுல இருக்கற பிளக்க நாலுல போடுங்க, நாலோடத ரெண்டுல போடுங்க. இன்ஜெக்டர தொடாதீங்க. இப்ப கோட அழிச்சிட்டு, மிஸ்ஸிங் வர்ற அதே மாதிரி மேட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து திரும்ப ஸ்கேன் பண்ணுங்க. பி0303 வந்தா காயில் தான் போச்சு, ஒரே ஒரு காயில் வாங்குனா போதும். பி0304 வந்தா பிளக், புதுசு தானேன்னு விட்டுடாதீங்க, புது பிளக்லயும் டூப்ளிகேட் வருது, கீழ விழுந்து பீங்கான் விட்டதும் வருது. பி0302லயே நின்னுச்சுன்னா காயில் மேலயும் பிளக் மேலயும் குத்தம் இல்ல, வேற பக்கம் தேடணும்.

காயில் வெளிய வர்றப்ப அந்த குழிக்குள்ள டார்ச் அடிச்சு பாக்காம மூடாதீங்க. இந்த ஓட்டத்துக்கு டேப்பெட் கவர் பேக்கிங் காஞ்சு போய் பிளக் குழில ஆயில் இறங்கி நிக்கறது சகஜம். அந்த ஆயில் காயிலோட ரப்பர் பூட்ட ஊறவெச்சு கெடுத்துடும், ஸ்பார்க் பிளக் முனைக்கு போகாம பக்கத்துல ஹெட்டுக்கு தாவிடும். அப்படி இருந்தா நாலு புது காயில் போட்டாலும் கொஞ்ச மாசத்துல அதே கதை தான், முதல்ல பேக்கிங் மாத்தணும். பிரஷர் வாஷ் அடிச்ச தண்ணி நின்னாலும் இதே தான் நடக்கும். பிளக்கோட வெள்ள பீங்கான்ல மேல இருந்து கீழ பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு கறுப்பு கோடு ஓடுதான்னு பாருங்க, இருந்தா கரண்ட் அந்த வழியா லீக் ஆகுது, பிளக்கையும் பூட்டையும் சேத்து தான் மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்துனா பழசு புதுசயும் கெடுத்துடும். ஒண்ணு சொல்லிடுறேன், ஓடுற எஞ்சின்ல காயில பிடுங்கி ஸ்பார்க் வருதான்னு பாக்குற பழக்கம் வேணவே வேணாம், அதுல பல ஆயிரம் வோல்ட் இருக்கு, கையிலயும் அடிக்கும், இசிஎம்மயும் காலி பண்ணிடும்.

சரி, பி0302லயே நிக்குது. இப்ப இன்ஜெக்டர். எஞ்சின் ஐடிலிங்ல இருக்கும்போது நீள ஸ்க்ரூ டிரைவர் முனைய இன்ஜெக்டர் மேல வெச்சு கைப்பிடிய காதுல வெச்சா டிக் டிக்னு சத்தம் கேக்கும், பேன்ல பெல்ட்ல சட்டை மாட்டாம பாத்துக்கோங்க. மூணுல கேக்குற சத்தம் ரெண்டுல கேக்கலன்னா இன்ஜெக்டர் வாங்க ஓடாதீங்க, முதல்ல கனெக்டரையும் வயரையும் பாருங்க, நம்ம ஊர்ல எலி கடிச்ச வயர் எத்தனையோ இன்ஜெக்டர அநியாயமா மாத்த வெச்சிருக்கு. மல்டிமீட்டர்ல இன்ஜெக்டர் ஓம்ஸ் பாத்து நாலையும் ஒப்பிடுங்க, ஒண்ணு மட்டும் தனியா விலகி நின்னா அது தான்.

இன்ஜெக்டரும் சரியா இருந்தா கம்ப்ரெஷன் டெஸ்ட், இது கட்டாயம். நாலு பிளக்கையும் கழட்டி, பெட்ரோல் வராம பண்ணி, ஆக்சிலரேட்டர முழுசா அமுக்கிட்டு செல்ப் அடிக்கணும். நாலும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும், அது தான் முக்கியம். மூணு சிலிண்டர் 170, 175 பிஎஸ்ஐ காட்டி ஒண்ணு மட்டும் 110 காட்டுச்சுன்னா எந்த காயிலும் உங்கள காப்பாத்தாது. அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ரீடிங் நல்லா ஏறுனா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வ் இல்ல ஹெட் பேக்கிங். வண்டில கேஸ் கிட் போட்டிருக்கீங்களான்னு நீங்க சொல்லல, போட்டிருந்தா வால்வ் சீட் தேய்மானத்த முதல்லயே சந்தேகப்படுங்க.

பி0300 வந்தாலோ கூடவே பி0171 வந்தாலோ நாலு சிலிண்டருக்கும் பொதுவான இடத்துல தான் கோளாறு. பி0171னா பெட்ரோல விட காத்து ஜாஸ்தியா இருக்குன்னு ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடிச்சு சொல்லிருக்கு, அத பாத்து சென்சாரையே மாத்துறது காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டர மாத்துற மாதிரி. ஸ்கேனர்ல ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம், அதாவது இசிஎம் பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டுது குறைக்குதுன்னு காட்டுற ரீடிங், ரெண்டையும் கூட்டி பாருங்க. 10 சதவீதத்துக்குள்ள ஏறி இறங்குனா கவலை இல்ல, 20க்கு மேல பிளஸ்ல நின்னா இசிஎம் பெட்ரோல கூட்டி கூட்டி ஊத்துதுன்னு அர்த்தம். ஐடிலிங்ல ஜாஸ்தியா இருந்து 2500 ஆர்பிஎம்ல குறைஞ்சா எங்கயோ வேக்கம் ஹோஸ் விட்டு காத்து இழுக்குது. ஐடிலிங்ல சரியா இருந்து மேட்டுல லோடு ஏற ஏற ஜாஸ்தியானா பெட்ரோல் பத்தல, பம்ப் பிரஷர அளந்து பாக்கணும். இந்த ஐடிலிங் கணக்கு காத்த அளக்குற எம்ஏஎஃப் சென்சார் வண்டில தெளிவா தெரியும், காத்தோட பிரஷர மட்டும் அளக்குற எம்ஏபி சென்சார் இருக்கற வண்டில டிரிம் அவ்வளவா ஏறாது, அதுக்கு பதிலா ஐடிலிங் ஆர்பிஎம் தான் ஏறும்.

எர்த்தையும் விட்டுடாதீங்க, ரெண்டு நிமிஷ வேலை. மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனை எஞ்சின் பிளாக்ல, செல்ப் அடிச்சு பாருங்க, 0.3 வோல்ட்டுக்கு மேல போனா எர்த் கேபிள் பச்ச பூத்திருக்கும், கழட்டி தேச்சு மாட்டுங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரில 13.5ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். இசிஎம்முக்கு வர்ற சப்ளையும் எர்த்தும் அளக்காம இசிஎம் போச்சுன்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, அது அவ்வளவு சுலபமா போற பொருள் இல்ல.

மெக்கானிக்கிட்ட சண்டை போட வேணாம். செக் பண்றதுக்கு காசு குடுக்க நாம யாரும் தயாரா இல்ல, பார்ட் மாத்துனா தான் அவருக்கு கூலி, அதனால தான் எல்லாரும் மாத்திப் பாக்குறாங்க. "அண்ணே, செக் பண்ற நேரத்துக்கு தனியா கூலி தர்றேன், எந்த சிலிண்டர், என்ன ரீடிங்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, மரியாதையா கேட்டா செஞ்சு குடுப்பாரு. கழட்டுன பழைய ஆக்சிஜன் சென்சார் இன்னும் அவர்கிட்ட இருந்தா வாங்கி வைங்க, அது நல்லாவே இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

காயில் பிளக் மாத்திப் போட்டு ஓட்டிட்டு என்ன கோட் வந்துச்சுன்னு எழுதுங்க. பி0302 மாதிரி ஒரே நம்பர்ல நின்னுச்சுன்னா நாலு சிலிண்டர் கம்ப்ரெஷன் ரீடிங்கும் சேத்து அனுப்புங்க, மேல என்ன பண்ணலாம்னு சொல்றேன்.