டேங்க்கை இறக்குறதுக்கு முன்னாடி: பழைய கார் பெட்ரோல் பம்ப், கேள்வி பதில்

பெரம்பூர், 2002 எஸ்டீம்: அண்ணே, ஓடிக்கிட்டிருக்கும்போதே வண்டி நின்னுடுது. அரை மணி நேரம் ஆறவிட்டா எடுக்குது. பம்ப் போச்சு, டேங்க்கை இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார். இறக்கச் சொல்லிடவா?

இப்போ வேண்டாம். சூடானா நிக்கிறதும் ஆறினா எடுக்கிறதும் பம்ப் மட்டும் பண்ற வேலை இல்ல. பம்புக்குக் கரண்ட் விடற சுவிட்சான ரிலே பண்ணும், இக்னிஷன் பக்கத்து சென்சாரும் பண்ணும். அடுத்த தடவை நின்ன உடனே சாவியை ஆன்ல வெச்சு பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்க. ரெண்டு மூணு செகண்ட் மோட்டார் ரீங்காரம் கேக்கணும். கேக்கலைன்னா ஃபியூஸ் பாருங்க, ரிலே மாத்திப் பாருங்க, அப்புறம் பம்புக்குப் போற கனெக்டர்.

கனெக்டர்ல மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீங்க. எர்த் துருப்பிடிச்சுக் கிடந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏன்னா அது இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்ல. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணுல ரெண்டு வயரை இணைச்சு அங்க கொடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா கரண்ட் ஒழுங்கா வருது, பம்ப் மேல சந்தேகப்படலாம். மங்கலா எரிஞ்சா கோளாறு வயர்லயோ எர்த்லயோ, டேங்க்கைத் தொடவே தேவையில்ல. இது டேங்க்கைத் திறக்குறதுக்கு முன்னாடி செய்யற சோதனை. பெட்ரோல் வாடை அடிச்சா பல்பை எடுத்துக்கிட்டு அங்க போகாதீங்க.

சத்தம் வந்தும் வண்டி எடுக்கலையா, பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்க. உங்க வண்டி மாதிரி எம்பிஎஃப்ஐ வண்டிகள்ல, அதாவது கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கிற வண்டிகள்ல, 3 பார் பக்கத்துல நிக்கணும். கேஜ் வெச்சுப் பாக்காம "பம்ப்தான் சார்"னு சொல்றவர் ஊகத்துல சொல்றார்.

அதே நண்பர்: பம்ப்தான்னு உறுதியாச்சு. ஆனா இன்னொரு மெக்கானிக், டேங்க் இறக்க ஒரு நாள் ஆகும், டிக்கி தரையை வெட்டி ஒரு மூடி போட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்கிறார்.

அவர் சொல்றது எனக்கும் தெரியும், ஊர்ல நிறைய பேர் செய்யறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தகரத்துக்கு அடியில டேங்க். கிரைண்டர் வெச்சா தீப்பொறி நேரா அது மேல. பாதி காலியான டேங்க்னா இன்னும் மோசம், உள்ள முழுக்க ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற ஆவியை விடற திரவம் அது, சென்னை வெயில்ல கேக்கணுமா! சரி, பத்திக்கலைன்னே வெச்சுக்குவோம். வெட்டின விளிம்பு துருப்பிடிக்கும், மூடி வழியா வாடை கேபினுக்குள்ள வரும், பின்னாடி எவனாவது இடிச்சா தடுக்க அங்க தகரம் இருக்காது. கம்பெனியே மூடி வெச்ச வண்டியில அந்த மூடியில சீல் இருக்கும், இடமும் அதுக்குன்னே யோசிச்சு விட்டிருப்பாங்க. இவர் வெக்கிற தகரத்துல ரெண்டு ஸ்க்ரூவும் கொஞ்சம் சிலிக்கானும்தான் இருக்கும்.

ஒரு நாள் ஆனாலும் டேங்க்கையே இறக்கச் சொல்லுங்க. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, 20 லிட்டர் இருந்தா 15 கிலோ உங்க மார்ல வந்து உக்காரும். அதனால கை பம்ப் வெச்சு முதல்ல காலி பண்ணணும், வாயால உறிஞ்ச வேண்டாம். டேங்க்கைத் தாங்குற ஸ்ட்ராப்போட போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு வைங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர் வண்டின்னா உப்புக்காத்துல போல்ட் தலையே இருக்காது, புதுசு வாங்கி வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். அங்க கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

அடையாறு, 2003 சான்ட்ரோ: அண்ணா, என் வண்டியில பின் சீட்டைத் தூக்கினா பம்ப் மூடி தெரியுது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நானே மாத்தலாமா?

மாத்தலாம்மா, பேஸ்மென்ட்ல மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட படிஞ்சு லிஃப்ட் மோட்டார் வரைக்கும் போகும். திறந்தவெளிக்கு வண்டியைக் கொண்டு வாங்க. பம்ப் ஃபியூஸை உருவிட்டு இன்ஜினை ஓடவிட்டா அதுவா நிக்கும், லைன்ல பிரஷர் இறங்கிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. மூடிக்கு மேல சேர்ந்திருக்கிற மண்ணைத் துடைக்காம திறந்தா அத்தனையும் டேங்க்குள்ளதான் விழும். பம்ப் யூனிட்டை வெளியே எடுக்கும்போது சாய்ச்சுத் திருப்புங்க, மிதவைக் கம்பி வளைஞ்சா பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும். ரப்பர் சீல் புதுசு போடணும், பழசு ஊதிப்போயிருக்கும்.

வேளச்சேரி, 2006 வண்டி: மிக்ஜாம் புயல்ல தண்ணில நின்னுச்சு. அப்புறம் போட்ட புது பம்பும் போயிடுச்சு. டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனா நான் முதல்ல டேங்க்கைத்தான் சந்தேகப்படுவேன். தண்ணி பெட்ரோலை விட கனம், அடியில தங்கும். பம்போட ஜல்லடை உறிஞ்சறதும் அடியிலதான். எத்தனால் கலந்த பெட்ரோல்னா தண்ணியை இழுத்துக்கிட்டு பிரிஞ்சு கீழ இறங்கும். தகர டேங்க் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு, அந்தத் தூள் ஜல்லடையை அடைச்சிருக்கும், பம்ப் மூச்சுத் திணறித்தான் செத்திருக்கும். டேங்க்கைக் கழுவாம இன்னொரு பம்ப் போட்டா அதுவும் போகும். வெளிய இருக்கிற ஃபில்டரையும் சேர்த்து மாத்துங்க.

புதுப்பேட்டையில பழைய பம்ப் வாங்கலாமா?

மோட்டார் வேண்டாம். டேங்க், ஸ்ட்ராப், மிதவை யூனிட், லாக் ரிங் இதெல்லாம் தாராளமா வாங்கலாம். மோட்டார் ஜி.பி. ரோட்டுல புதுசு, பில்லோட.

குரோம்பேட்டை, பழைய பிரீமியர் பத்மினி: தம்பி, மத்தியான வெயில்ல சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது. பம்ப் மேல ஈரத்துணி போட்டா எடுக்குது. பம்ப் மாத்தணுமா?

ஐயா, ஈரத்துணிக்கு அடங்குதுன்னா அது ஆவி அடைப்பு, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்குது, பம்ப் நல்லாவே இருக்கலாம். உங்க வண்டியில பம்ப் டேங்க்குக்குள்ள இல்ல, இன்ஜின் மேலதான் மாட்டியிருக்கும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு கனமான பேக்லைட் துண்டு இருக்கும், சூடு ஏறாம இருக்க. முன்னாடி யாராவது கழட்டும்போது அதைத் தொலைச்சுட்டு வெறும் பேக்கிங் போட்டிருக்காங்களான்னு பாருங்க. அது இல்லைன்னா சூடும் ஏறும், தள்ளுற கம்பியோட அளவும் மாறும்.

இன்னொண்ணு, ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சு ஆயில் மட்டமும் ஏறியிருந்தா பம்புக்குள்ள இருக்கிற டயாஃப்ரம், அதாவது சவ்வு, கிழிஞ்சிருக்கு. அன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க, பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாத்தணும்.

அம்பத்தூர்: பம்புக்கு ஹோஸ் எது போடறது? கடையில எல்லாம் கறுப்பாத்தான் இருக்கு.

டேங்க்குக்கு உள்ள போற துண்டு தனி ரகம். வெளியில போடற நல்ல இன்ஜெக்‌ஷன் ஹோஸையே உள்ள போட்டாலும் வெளிப்பக்க ரப்பர் பெட்ரோல்ல ஊறி உரியும். எஸ்ஏஇ ஜே30 ஆர்10னு அச்சடிச்சதைக் கேட்டு வாங்குங்க. வெளிய ஆர்9 போதும். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால், பழைய வண்டியோட ரப்பர் அதை நினைச்சு செஞ்சதில்ல. டேங்க் கீழ இறங்கின அன்னிக்கே எல்லா ஹோஸும் கிளிப்பும் மாத்திடுங்க, அதுக்காக இன்னொரு தடவை இறக்க முடியாது.

மாட்டி முடிச்சதும் உடனே செல்ஃப் அடிக்கலாமா?

முதல்ல சாவியை ஆன் பண்ணி, ரீங்காரம் நின்னதும் ஆஃப், திரும்ப ஆன். நாலஞ்சு தடவை. லைன் நிறையும். அதுக்குள்ள ஒருத்தர் டார்ச் லைட்டோட ஒவ்வொரு ஜாயிண்டையும் பாக்கணும். ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலும் செல்ஃப் அடிக்காம அந்த கிளிப்பைத் திரும்பக் கழட்டிப் போடுங்க. எல்லாம் காஞ்சிருந்தா அடிங்க, எடுத்ததும் பத்து நிமிஷம் ஓடவிட்டு இன்னொரு தடவை அடியில பாருங்க.