வாய்க்குள் நீலமாக ஒரு வீக்கம்: முகத்தாடை அறுவை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மகளுக்கு 11 வயது. கன்னத்தின் உள்பக்கம் பிறந்ததிலிருந்தே நீல வீக்கம். குனிந்தால் பெருக்கிறது. ‘ஹீமாஞ்சியோமா, தானாகப் போய்விடும்’ என்றார்கள்.

பதில்: 11 வயதுவரை போகாதது இனிப் போகாதம்மா. குழந்தைகளின் ஹீமாஞ்சியோமா, அதாவது இரத்தக்குழாய்க் கட்டி, பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும், சில மாதங்கள் மளமளவென்று வளரும், பிறகு மெல்லச் சுருங்கும். பிறவி இரத்தக்குழாய்க் கோளாறு அப்படியல்ல, பிள்ளையோடு சேர்ந்து வளரும். 1982இல் மல்லிகன், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். ஆனாலும் இன்றும் ரிப்போர்ட்டில் எல்லாமே ஹீமாஞ்சியோமாதான்! ஹீமாஞ்சியோமாவைச் சுருக்குகிற ப்ரோப்ரனலால் மருந்து பிறவிக் கோளாறை அசைக்காது என்பதால், பெயர் முக்கியம்.

அழுத்தினால் அமுங்கி, குனிந்தால் பெருத்தால் சிரைக் கோளாறாக இருக்கலாம். உள்ளே மிளகு போல் ஏதாவது விரலில் தட்டினால், அது உறைந்த இரத்தம் கல்லானது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, குழாயைச் சுருங்க வைக்கும் ஊசி மருந்தைப் பல தவணையாகப் போடுவோம். போட்ட சில நாள் வீக்கம் கூடும், பயப்படாதீர்கள். ஆனால் மூச்சு, விழுங்குதல் சிரமமானால் உடனே வாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. உதட்டில் கருநீலப் பொட்டு. புற்றுநோயா?

பதில்: கண்ணாடித் தகட்டால் அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால் பெரும்பாலும் விரிந்த சிரைதான். விட்டுவிடலாம், லேசரிலும் போகும். வெளுக்காவிட்டால் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: தம்பி நாக்கில் ஜவ்வரிசி மாதிரி கொப்புளங்கள்.

பதில்: நிணநீர்க் குழாய்க் கோளாறாக இருக்கலாம். குத்தி உடைக்காதீர்கள், திரும்ப வரும்.

கேள்வி: எனக்கு 19 வயது. கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது. ஈறில் அடிக்கடி இரத்தம், தொட்டால் துடிக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கேன் பார்க்கும்வரை யாரையும் பிடுங்க விடாதீர்கள். துடிப்பு என்றால், தமனி நேராகச் சிரையில் கொட்டுகிற கோளாறு தாடைக்குள் இருக்கலாம். பல் எக்ஸ்ரேயில் சாதாரண நீர்க்கட்டி போலவே தெரிந்து ஏமாற்றும். பிடுங்கினால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது மாதிரி இரத்தம் கொட்டும், உயிர் போனதும் உண்டு. ஆஞ்சியோ செய்து கோளாறின் மையத்தை உள்ளிருந்தே அடைப்பார்கள். அறுவை தேவைப்பட்டால் ஓரிரு நாளில் அதையும் முடிப்பார்கள். கழுத்துத் தமனியைக் கட்டினால் போதும் என்பது பழைய தப்பு. வேறு வழியில் இரத்தம் வந்துவிடும், கோளாறை அடைக்க நாம் உள்ளே போகும் பாதைதான் அடைபடும்.

அதற்குள் பல் தானாக விழுந்து இரத்தம் கொட்டினால், அதே பல்லைக் குழியில் திரும்பச் செருகி, மேலே சுத்தமான துணி வைத்து இறுகக் கடித்துக்கொண்டு 108ஐ வரவழையுங்கள். வாய் கொப்பளிக்க வேண்டாம்.