மில்லு சங்கும் தூங்கா நகரமும்

கடிதம்:

அண்ணே வணக்கம். நான் மதுரைக்காரன், இப்ப வேலை கோயம்புத்தூர்ல. ஆபீஸ்ல ஒருத்தர் "உங்க ஊரு கோயில் ஊரு, எங்க ஊரு தொழில் ஊரு"ன்னாரு, எனக்கு பதில் சொல்ல வரல. மதுரை எப்பவுமே இப்படித்தானா? தூங்கா நகரம்ங்கிற பேரே சங்ககாலத்து அல்லங்காடியாலதான், அதாவது ராத்திரிச் சந்தையாலதான் வந்துச்சுங்கிறாங்க, சரியாண்ணே?

- ஒரு வாசகர்

பதில்:

தம்பி, மொதல்ல அவரு போட்டிருக்கிற சட்டை காலரைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. லூயி பிலிப், வான் ஹூசன்னு இருந்துச்சுன்னா, நம்ம நாட்டுல அதை வித்து பேரு வாங்குனது மதுரா கார்மென்ட்ஸ். அந்த 'மதுரா' வேற எதுவுமில்ல, 1892-ல ஹார்வி சகோதரர்கள் நம்ம ரயில்வே லைனை ஒட்டிப் போட்ட நூல் மில்லுதான். 1974-ல அது மதுரா கோட்ஸ் ஆச்சு, ரெடிமேட் துணி வியாபாரத்தை அப்புறம் பிர்லா குரூப் வாங்கிருச்சு, ஆபீஸ் பெங்களூர்ல. ஊரு பேரு மட்டும் அங்க போயிருச்சு, இங்க நமக்கு மதுரா கோட்ஸ் பாலம்.

மில்லுன்னா சும்மா ஒரு பில்டிங் இல்ல. 1918-லயே ஜார்ஜ் ஜோசப் இங்க தொழிலாளர் சங்கம் கட்டி, ஹார்வி மில்லுல ஸ்ட்ரைக்கும் நடந்திருக்கு. குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்னாருன்னு ஊருக்காரய்ங்க ரோசாப்பூ துரைன்னு கூப்பிட்டாய்ங்களே, அவரேதான். கேரளாவுல செங்கன்னூர்க்காரர். அவரை நம்ம ஆளாக்கிக்கிட்ட ஊரை வெறும் கோயில் ஊருன்னா எப்படி? ஹார்விபட்டின்னு ஒரு ஊரே மில் ஆளுகளுக்காக உண்டாச்சு. கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில் நடத்துனாரு, 1949-ல காலேஜ், 1957-ல இன்ஜினியரிங் காலேஜ். மில்காரய்ங்க பிள்ளைக படிச்சு வெளியூர் போனதுக்கு வழியும் அப்படித்தான் திறந்துச்சு. உங்கள மாதிரி.

எங்க சித்தப்பா ஒரு மில்லுல சைடரா, அதாவது நூல் நூக்கிற மிஷினைப் பாத்துக்கிற ஆளா இருந்தாரு, தாய்மாமன் சொல்லித்தான் உள்ள எடுத்தாங்க, அப்பல்லாம் அப்படித்தான். ஷிப்ட் முடிஞ்சு வந்தா வாசல்லயே துண்டை உதறுவாரு, புருவம் முழுக்க பஞ்சு ஒட்டியிருக்கும், ஆளு ஏதோ நாடகத்துல கெழவன் வேஷம் கட்டுன மாதிரி இருப்பாரு. உள்ள மிஷின் சத்தத்துல கைஜாடையிலயே பேசிப் பழகிட்டாரா, வீட்டுலயும் சோறு போதும்னா உள்ளங்கையைக் கவுத்துக் காட்டுவாரு, வாயத் தொறந்தா தெருவுக்கே கேக்கும். சித்தி உலை வைக்கிறது ஷிப்டுக்கு மில்லு சங்கு ஊதுற கணக்குல, பக்கத்து வீட்டுக்காரங்க மில்லுல இல்லைன்னாலும் பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்கு கெளப்புறது அதே சங்குலதான். கடிகாரம் எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுலதான் இருந்துச்சு.

இப்ப தூங்கா நகரத்துக்கு வர்றேன். சங்கப் பாட்டு மதுரைக்காஞ்சியில நாளங்காடிங்கிற பகல் சந்தை, அல்லங்காடி ரெண்டும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ராத்திரிக் கடைக்கும் எங்க சித்தப்பா ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு நடுராத்திரி சைக்கிள்ல வர்றப்ப தூக்குச்சட்டியில வாங்கிட்டு வந்த இட்லிக்கும் நேரா கோடு போட முடியாது தம்பி. பசியோட ஒரு கூட்டம் தினம் அந்த நேரத்துக்கு வெளிய வருது, அதுக்குத்தான் இட்லிச்சட்டி அடுப்புலயே கெடந்துச்சு. மார்க்கெட், பஸ்ஸ்டாண்டு, திருவிழா எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா பெருமை பேசுறப்ப சங்ககாலத்துக்குப் போற நாம மில்லு வாசலுக்கு மட்டும் போகமாட்டேங்கிறோம். ஏன்னா அங்க போனா மூடுன கதையையும் பேசணும்.

சித்தப்பா மில்லு மூடுனாங்க. பேரு வேணாம். பாக்கிப் பணத்துக்கு அலைஞ்சு அலைஞ்சு செருப்பு தேஞ்சுச்சு, கடைசியில ஒரு ஜவுளிக்கடையில நைட் வாட்ச்மேன் வேலை. அவரு நூத்த நூலு அந்தக் கடையில ஏதோ ஒரு சேலையில இருக்கும்னு சித்தி சொல்லும், அவரு சிரிக்கமாட்டாரு.

கோயம்புத்தூரை நான் கொறச்சுச் சொல்லல, நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்துலருந்து கரண்டு வந்ததும் மடமடன்னு மில்லு போட்ட ஊரு அது. ஆனா உங்க ஆபீஸ்காரர்ட்ட ஒண்ணு கேளுங்க, லட்சுமி மில்ஸ் ஸ்டாப்புல தினம் இறங்குற ஜனத்துல மில்லு வேலைக்குப் போறது எத்தன பேரு, அதே வளாகத்துல இப்ப வந்திருக்கிற ஓட்டலுக்கும் கடைக்கும் போறது எத்தன பேருன்னு.