ஊற்றுகள் வகுத்த வழி

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரி என்னும் ஊரிலிருந்து மார்லா வரை செல்லும் ஊட்னடாட்டா மண்பாதையில் குடும்பத்தோடு செல்ல எண்ணுகிறோம். வெட்டவெளியைத் தவிர அங்கே காண்பதற்கு ஏதேனும் உண்டா?

பதில்: நிறையவே உண்டு. ஆனால், ஏறத்தாழ 620 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை ஏன் அவ்வழியே செல்கிறது என்பதை அறிந்துகொண்டு போனால்தான் காண்பவை ஒன்றோடொன்று பொருந்தும். காரணம் தண்ணீர். பெரும் ஆர்ட்டீசியப் படுகை என்னும் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் நீர் அழுத்தத்தால் மேலெழும்பி, அது கொண்டுவரும் சுண்ணாம்பும் மணலும் காலப்போக்கில் படிந்து மேடுகளாகிய ஊற்றுகள் அந்த வறண்ட நிலத்தில் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றை ஒட்டியே பழங்குடி மக்கள் பண்டமாற்றுக்காக நடந்தனர். 1859இல் நாடாய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அவ்வழியில் வந்தார். 1872இல் நிறைவுற்ற தந்தித் தடமும், நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட ரயில் பாதையும் அதையே பின்பற்றின. ஆகவே, வாப்மா கடார்பு காப்பகத்தில் குமிழியிடும் 'பப்ளர்' ஊற்றுக்கு அவசரமின்றி நேரம் ஒதுக்குங்கள்.

மாரியைப் புறப்படும் இடமாக மட்டும் கருதிவிடாதீர்கள். அங்கே ஒட்டகம் ஓட்டியவர்களைப் பொதுவாக 'ஆப்கானியர்' என்று அழைத்தாலும், அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். தண்டவாளத்தின் ஒருபுறம் ஐரோப்பியரும், மறுபுறம் அவர்களும் பழங்குடியினரும் வாழ்ந்தனர் என்பது அவ்வூர் வரலாற்றின் கசப்பான பக்கம்.

1884இல் மாரியையும் 1891இல் ஊட்னடாட்டா ஊரையும் எட்டிய அந்த ரயில் பாதை 1980இல் கைவிடப்பட்டது. அதன் நினைவாக நிற்கும் ஆல்ஜிபக்கினா பாலம் 578 மீட்டர் நீளமுடையது. பெரும்பாலும் வறண்டே கிடக்கும் நீல்ஸ் ஆற்றுக்கு இத்தனை பெரிய பாலமா என்று வியப்பவர்கள், வெள்ளம் வந்தால் அந்தச் சமவெளி எவ்வளவு தூரம் நீரில் மூழ்கும் என்பதைக் கண்டிருக்கமாட்டார்கள்.

கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் காட்டி தண்டா–ஐர் ஏரி அரபானா பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. உப்புப் படுகையில் கால் வைக்க வேண்டாம் என்பது அவர்களின் வேண்டுகோள். பாதையிலுள்ள வில்லியம் கிரீக் என்னும் சிற்றூரிலிருந்து சிறு விமானத்தில் சென்று மேலிருந்து காண்பதே முறை.

கோடையைத் தவிர்த்துவிடுங்கள்; ஊட்னடாட்டாவில் 1960இல் 50.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகியிருக்கிறது. மழை பெய்தால் பாதை மூடப்படும், மூடிய பாதையில் வண்டி ஓட்டினால் அபராதம் உண்டு என்பதால், ஓரிரு நாள்களைக் கூடுதலாகவே கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.