இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் என்ன ஆகும்?

கேள்வி: நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்கிறார்களே? (வாசகர், கரூர்)

பதில்: விழாது, ஆனால் விமானி சும்மா இருந்தால் விழும். இன்ஜின் நின்றதும் இடது கைப்பக்கம் இருக்கும், பிளேடுகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் லிவரை இறக்கிவிட்டால், கீழிருந்து மேலே பாயும் காற்றே ரோட்டாரை, அதாவது மேலே சுழலும் பெரிய விசிறியை, சுற்றிக்கொண்டிருக்கும், தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, மிச்சமுள்ள சுழற்சியை ஒரேயடியாகச் செலவழித்து மெல்ல இறக்கிவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்பது இதுதான். சிக்கல் என்னவென்றால் ராபின்சன் ஆர்22 போன்ற சின்ன ஹெலிகாப்டர்களில் ரோட்டாரின் எடை குறைவு, லிவரை இறக்க ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும். வீட்டில் கட்டுகிறவை பெரும்பாலும் இந்த ரகம் அல்லது இதைவிடச் சின்னது. அப்புறம் உயரம். 1000 அடியில் வேகமாகப் போகும்போது இன்ஜின் நின்றால் பிழைக்க வழி உண்டு, 100 அடியில் அசையாமல் நிற்கும்போது நின்றால் ரொம்பக் கஷ்டம். தாழ்வாகப் பறந்தால் பத்திரம் என்று நினைத்துத் தென்னை உயரத்தில் சோதித்துப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் தம்பி மகன் பழைய கார் இன்ஜினை வைத்து ஹெலிகாப்டர் கட்டப் போகிறேன் என்கிறான். நல்ல வெல்டர். விடலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: கட்டட்டும், ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். சாலையில் சீராக ஓடும் காருக்கு இன்ஜினின் சக்தியில் கொஞ்சம்தான் தேவை, ஹெலிகாப்டரோ தரையை விட்டு எழுந்ததிலிருந்து இறங்கும்வரை கிட்டத்தட்ட முழுச் சக்தியையும் கேட்கும், அதனால் சூடாவது, பெல்ட் தேய்வது எல்லாம் சீக்கிரமே வரும். மாருதி 800 இன்ஜின் பெரும்பாலும் 40 குதிரைத்திறன்கூட வராது. இன்னொன்று, மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுவதற்கு ஃப்ரீவீல் இருக்கிறதல்லவா, அதுபோல ஒன்று இங்கேயும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நின்ற இன்ஜின் ரோட்டாரையும் சேர்த்து நிறுத்திவிடும், அப்புறம் மேலே சொன்ன ஆட்டோரொட்டேஷனும் கிடையாது.

ஆனால் எனக்கு இன்ஜினைவிடப் பெரிய பயம் பிளேடு. மூன்றரை மீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 660 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான், மாருதி 800 இன்ஜின் வைத்துத் தானே கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் வைத்தே ஓட்டிப் பார்த்தார். வால் விசிறியின் பிளேடு உடைந்து மேலே சுற்றிய பெரிய ரோட்டாரில் அடித்தது, அந்த ரோட்டார் அவர் தலையில் பட்டு இறந்துபோனார். இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டிங் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உலோகம் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அமெரிக்காவில் லைசென்சே இல்லாமல் பறக்கிறார்களாமே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்மைதான், ஒற்றை இருக்கை, 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் காலி எடை, 5 கேலனுக்கு மேல் பெட்ரோல் இல்லை, வீடுகள் நெருக்கமான இடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்புகளுக்குள் இருந்தால். இரண்டு பேர் உட்காரும் ஹெலிகாப்டரைப் பாகங்களாக, அதாவது கிட்டாக, வாங்கிக் கட்டினால் லைசென்ஸ், பதிவு, சோதனை எல்லாம் உண்டு. இங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி இல்லாமல் எழும்பவே முடியாது.