ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா?

கேள்வி: கணவரைப் பிரிந்து மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. அவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மீன்பாடு நன்றாக இருந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் தருவார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. இப்போது ஊர்ப் பெரியவர்கள் மூலம், ஒன்றரை லட்சம் மொத்தமாகத் தருகிறேன், இனிமேல் பிள்ளைகளுக்கென்று எதுவும் கேட்கக் கூடாது என்கிறார். நான் கருவாடு விற்றுச் சம்பாதிக்கிறேன். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அந்த நிபந்தனையோடு வாங்காதீர்கள். மகளுக்கு 18 வயதாக இன்னும் 11 வருடம் இருக்கிறது. ஒன்றரை லட்சத்தை 132 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,136 ரூபாய், அதுவும் பெரும்பகுதி காலம் இரண்டு பேருக்கும் சேர்த்து. வங்கியில் போட்டு வரும் வட்டியை விலைவாசி தின்றுவிடும். இன்னொன்று, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைத் தாய் எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் உரிமை போய்விடாது. ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டியே அவர் வருடக்கணக்கில் இழுத்தடிக்கலாம்.

தடைக்காலத்தில் காசில்லை என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறப்பதும் அந்த ஜூனில்தான். அதனால் மாதக் கணக்காகப் பேசாமல் வருடக் கணக்காகப் பேசுங்கள். உதாரணத்துக்கு, அவர் பங்கு வருடத்துக்கு 60,000 என்று முடிவானால் மாதம் 5,000 வேண்டாம். மே, ஜூனை விட்டுவிட்டு மீதி பத்து மாதமும் 6,000 கேளுங்கள். அதில் ஆயிரத்தைத் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினால் அந்த இரண்டு மாதத்துக்கும் ஐயாயிரம் வீதம் வந்துவிடும். நோட்டு, செருப்பு, டியூஷன் செலவில் பாதியை மார்ச்சுக்குள் தனியாகத் தரச் சொல்லுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது.

பெரியவர்கள் பேசட்டும், தப்பில்லை. ஆனால் பேசி முடிந்ததை ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பதிவு செய்யுங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அவர் ஒத்துவரவில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 125) நீங்கள் இருக்கும் ஊர் எல்லையிலேயே ஜீவனாம்சம் கேட்டு மனு போடலாம். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். உத்தரவு வந்த பிறகு பாக்கி வைத்தால், கெடு தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீதிமன்றத்தில் கேட்டுவிடுங்கள். தாண்டினால் அந்தப் பாக்கியை வசூலிக்க வாரண்ட் வாங்க முடியாது.

அப்புறம், நீங்கள் சம்பாதிப்பதால் தகப்பன் பொறுப்பு தீர்ந்துவிடாது. தொகை முடிவு செய்யும்போது இருவர் வருமானமும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கருவாட்டு வருமானத்தை மறைக்க வேண்டாம். பள்ளி ரசீது, மருந்துச் சீட்டு, இதுவரை அவர் தந்ததை எழுதிவைத்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றரை லட்சத்தை நிபந்தனையில்லாமல் தந்தால் தாராளமாக வாங்குங்கள். மகளுக்கு இன்னும் பத்து வயது ஆகவில்லை, செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.